தீவில் இறங்கியவர்

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
7 அக்டோபர் 2025

அண்ணா,

அம்மா நேற்று மாலை வந்து சேர்ந்தார். நெவார்க் ஏர்போர்ட்டில் வீல்சேர் தள்ளிவந்த பெண் இரண்டு பெட்டிகளையும் இறக்கி வைத்துவிட்டு, ஒன்றில் ஒட்டியிருந்த பெயரைத் தட்டுத் தடுமாறிப் படித்தாள். கருப்பசாமி. இவர் பின்னால் வருகிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

இனி நீ போன் பண்ண வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. போன் அடித்தாலே அம்மா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். "ரஞ்சித்து, அப்பா கெடச்சுட்டாங்களா? அவங்ககிட்டக் குடு" என்கிறார். காலையில் நீ வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வாஞ்சிநாதன்தான் சொன்னார், "மாமா விஷயம் எதுவா இருந்தாலும் உங்கண்ணன மெயில்ல எழுதச் சொல்லு, நீ ஆபீஸ் போய்ப் படிச்சுக்க" என்று. பிஸ்கட்டவேயில் ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன். தமிழிலேயே எழுது.

அம்மா வழியெல்லாம் சொன்னதை எழுதுகிறேன். உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தெரியப்படுத்து.

அன்று காலை ஹோட்டலுக்கு வேன் வந்து கூட்டிப்போயிருக்கிறது. பெரிய படகு, நிறையக் கூட்டம். மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஒரு தீவில் எல்லாரையும் இறக்கி, குளிக்கிறவர்கள் குளிக்கலாம், மலையேறுகிறவர்கள் ஏறலாம் என்று கைடு கையால் காட்டினானாம். அப்பா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, "சித்த இரு, வந்தர்றேன்" என்று போயிருக்கிறார். அம்மா பாத்ரூமுக்குப் போய்த் திரும்பிவந்தார். படகு ஹாரன் அடித்தபோது அப்பாவைக் காணவில்லை. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, கைடு மலையைக் காட்டி ஏதோ கேட்டிருக்கிறான். அம்மாவும் தலையாட்டிவிட்டார். எல்லாரும் மலைமேல் தேடினார்கள். கடலில் தேட ஆரம்பித்தபோது வெயில் இறங்கிவிட்டது.

அம்மா திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். "செருப்புப் போட்டுட்டுத்தான் போனாங்க கண்ணு. குளிக்கப் போறவங்க செருப்பக் கழட்டி வெப்பாங்கள்ல?"

போலீஸ் இதற்கு என்ன சொல்கிறது?

யாமினி


கோ சமூய், தாய்லாந்து
10 அக்டோபர் 2025

யாமினி,

செருப்பு விஷயத்தைப் போலீஸிடம் சொன்னேன். அதிகாரி மரியாதையான ஆள், எழுதிக்கொண்டார். அலை இழுத்துப் போயிருக்கலாம் என்றார். நேற்றோடு கடற்படைப் படகை நிறுத்திவிட்டார்கள். ஏதாவது கிடைத்தால் கூப்பிடுவார்களாம். ஏதாவது என்றுதான் சொன்னார். யாராவது என்று சொல்லவில்லை.

இந்தத் தீவுக்கூட்டம் முழுவதும் தேசியப் பூங்கா. நினைத்தபோது போய்த் தங்கித் தேட முடியாது. தனிப் படகு இரண்டு முறை பிடித்துப் போனேன். மூன்றாம் நாள் படகுக்காரர் வர மறுத்துவிட்டார். எஞ்சின் காரணம் சொன்னார். என்னைப் பார்க்கப் பயமாக இருந்திருக்கும்.

அதனால் டூர் படகுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறேன். வேறு வழியில்லை. காலையில் வேன் வரும். சட்டையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். காபி, வாழைப்பழம் தருவார்கள். அதே கைடு அதே இடத்தில் அதே ஜோக்கைச் சொல்வான், எல்லாரும் சிரிப்பார்கள். தேனிலவுக்கு வந்தவர்கள், பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள். நடுவில் நான்.

அந்தத் தீவில் ஒன்றரை மணி நேரம்தான் விடுவார்கள். இறங்கியதும் மலைப் பாதையில் ஓடுகிறேன். பாதையை விட்டு விலகினால் பாறை, கத்தி மாதிரி. இடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். "அப்பா, அப்பா" என்று கத்துகிறேன். நேற்று ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னை நிறுத்தி, அவளையும் அவள் கணவனையும் போட்டோ எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அப்போதே ஹாரன் அடித்துவிட்டது.

ஒன்று கேட்கவேண்டும். கேட்காமல் இருக்க முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து நேராக நெவார்க்குக்கு டிக்கெட் போட்டிருந்தால் அவர் இந்நேரம் உன் வீட்டு சோபாவில் கால் நீட்டி நியூஸ் பார்த்துக்கொண்டிருப்பார். எழுபது வயது மனிதருக்கு எதற்கு இந்தத் தீவு? யாரைக் கேட்டு புக் பண்ணினாய்?

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
12 அக்டோபர் 2025

அண்ணா,

அப்பாவைக் கேட்டுத்தான் புக் பண்ணினேன்.

மின்வாரியத்தில் முப்பது வருஷம் போஸ்ட் மரம் ஏறிய மனுஷன், தாராபுரத்தைத் தாண்டினால் பழனிதான் அவருக்கு டூர். ஜூன் மாசம் வீடியோ காலில், "போற வழியில கடலுக்குள்ள தீவு கீவு இருந்தா எறங்கிப் பார்த்துட்டு வரலாமா அம்மிணி?" என்று கேட்டார். அம்மாவுக்கு முன்னால் கேட்க வெட்கப்பட்டு மாடிக்குப் போய்க் கேட்டார். வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நீ ஹூஸ்டனில் தனியாக இருக்கிறாய், விவாகரத்துக்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை அவரோடு பேசினால் அதிகம். அவர் எதற்கு ஆசைப்பட்டார் என்று உனக்கு எப்படித் தெரியும்?

நீ அமெரிக்க சிட்டிசன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். எனக்கு கிரீன் கார்டு அப்ளிகேஷன் கிடக்கிறது. அட்வான்ஸ் பரோல் என்கிற பயண அனுமதி கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் இத்தனை வருஷக் காத்திருப்பும் போய்விடும், எனக்கு மட்டுமல்ல, வாஞ்சிக்கும். அவசரம் என்று நேரில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். ஆஸ்பத்திரிக் கடிதம்? அதுவும் இல்லை. காணாமல் போயிருக்கிறார் என்றேன். "ஐ ஆம் சாரி, மேடம்" என்று பேப்பரைத் திருப்பித் தந்துவிட்டார். அப்பா செத்துவிட்டார் என்று ஒரு காகிதம் இருந்திருந்தால் நான் அவரைத் தேட வந்திருப்பேன் அண்ணா. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார். இரண்டு பேர் பெட்டியையும் திறக்க விடவில்லை.

யார் மேல் பழி போடலாம் என்று நீ தேடினால் நான் இருக்கிறேன். ஆனால் இனி அதை எழுதாதே. நான் அதைத் தினமும் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன்.

யாமினி


கோ சமூய்
18 அக்டோபர் 2025

யாமி,

உன் கடிதத்துக்கு அன்றே பதில் எழுதி அழித்தேன். அவர் மாடிக்குப் போய்க் கேட்டது எனக்குத் தெரியாது.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. படகில் சமைக்கிற அம்மாளின் தம்பி எதிர்க்கரையில், சூரத் தானியில், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் இருக்கிறாராம். செப்டம்பர் கடைசியில் மீனவர்கள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர் முகம், எழுபது வயதிருக்கும். பேச்சு வரவில்லை. கையில் எந்த அடையாளமும் இல்லை. இதுவரை யாரும் தேடி வரவில்லை.

நாளைக் காலை முதல் ஃபெரியில் போகிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. நான் பார்த்துவிட்டு எழுதும்வரை சொல்லாதே.

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
19 அக்டோபர் 2025

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை இருந்தது, பார்க்கிங்கில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸுக்குள் போகாமல் வீட்டுக்குத் திரும்பி ஓட்டினேன். ரூட் 18-ல் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அம்மா ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நாளைக்குத் தீபாவளி. அம்மா எழுந்து குளித்துவிட்டு, அரிசி மாவும் வெல்லமும் எங்கே என்று கேட்டார். அடுப்பைப் பற்றவைத்துக் கச்சாயம் சுட்டார். கயல் பாட்டி பக்கத்தில் நின்று ஒன்று தின்றாள். பிறகு அம்மா அப்பாவின் பெட்டியைத் திறந்து, கோடு போட்ட நீலச் சட்டையை எடுத்து என்னிடம் தேய்க்கக் கொடுத்தார். "ஆஸ்பத்திரித் துணியோட பிளேன்ல ஏத்திடுவாங்க, இத ரஞ்சித்துக்குக் கொரியர்ல போட்டு உடு" என்றார்.

பேச்சு வரவில்லை என்றால் பரவாயில்லை. இங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

சீக்கிரம் எழுது.

யாமினி


சூரத் தானி
20 அக்டோபர் 2025

அவர் இல்லை.

வார்டில் கடைசிக் கட்டில். திரை போட்டிருந்தார்கள். போர்வைக்கு வெளியே கால் மட்டும் தெரிந்தது. அப்பாவின் கால் மாதிரியே இருந்தது யாமி, நகமெல்லாம் தேய்ந்து. நான் திரையை விலக்காமல் நின்றேன். கூட வந்த நர்ஸ் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தொட்டாள். பிறகு அவளே விலக்கினாள்.

பர்மாக்காரராக இருக்கும் என்று கொண்டுவந்த மீனவர்கள் சொன்னார்களாம். ஏதோ மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர் போல. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். அவருக்கு ஒருவழியாக ஆள் வந்துவிட்டது என்று நர்ஸ் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். நான் தலையை ஆட்டியதும் அவள் முகம் வாடிவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியவில்லை. வாங்கிப்போன ஆரஞ்சுகளை உரித்து அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சட்டையை அனுப்பிவிட்டாயா?

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
3 நவம்பர் 2025

அண்ணா,

சட்டையை அனுப்பவில்லை. அன்று கடை மூடியிருந்தது. பிறகு தேவைப்படவில்லை.

நீ எழுதியதை அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. சொன்னபோது அழவில்லை. "அவனுக்கு அப்பன அடையாளம் தெரிஞ்சிருக்குமா? பாத்து நாலு வருசம் ஆச்சே" என்று கேட்டார். உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டார். நீ அந்தப் பெரியவரை போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் ஓய்ந்தார்.

கயலுக்கு ஆறு வயது. அவளிடம் தாத்தா வரத் தாமதமாகும் என்று சொல்லி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காரில் ஸ்கூலுக்குப் போகும்போது, தாத்தா தொலைந்துவிட்டாரா இறந்துவிட்டாரா என்று ஆங்கிலத்தில் தெளிவாகக் கேட்டாள். நான் ரேடியோவைப் போட்டேன்.

ஊரிலிருந்து பெரியப்பா அழைத்தார். காரியம் எப்போது, எங்கே என்று கேட்டார். அம்மா, "யாருக்குக் காரியம்?" என்று கேட்டுவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, எல்லாம் அப்படியே இருக்கிறது. கோயிலில் பார்க்கிற ஆன்ட்டிகள் அம்மாவை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்க்கிறார்கள். வக்கீலை விசாரித்தேன். உடல் கிடைக்காவிட்டால் சட்டப்படி ஏழு வருஷம் காத்திருக்கவேண்டுமாம்.

மழைக்காலத்துக்காகப் பூங்காவை மூடிவிட்டார்கள் என்று இன்டர்நெட்டில் பார்த்தேன். படகே போகாத இடத்தில் நீ என்ன செய்கிறாய்? உன் ஆபீஸில் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

வந்துவிடு அண்ணா. அப்பா போய்விட்டார். இந்த வரியை எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை. நாம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்வோம். அம்மா உன் பேச்சைத்தான் கேட்பார்.

யாமினி


ஹூஸ்டன், டெக்ஸாஸ்
24 நவம்பர் 2025

யாமினி,

வந்து ஒரு வாரம் ஆகிறது. அங்கே பத்து நாள் படகுத்துறையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். படகுகளை இழுத்துக் கட்டி தார்ப்பாய் போட்டுவிட்டார்கள். டிக்கெட் கொடுக்கிற பெண்தான், வீட்டுக்குப் போங்கள், டிசம்பர் கடைசியில் மறுபடி திறப்போம் என்றாள்.

உன் வீட்டுக்கு வராமல் நேராக இங்கே வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றுதான் பார்ப்பார்.

ஆபீஸில் விஷயம் என் மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் தாய்லாந்து போய்வந்தேன் என்பது மட்டும் தெரியும். உடம்பு கறுத்துப் போயிருக்கிறது, மூக்கில் தோல் உரிந்திருக்கிறது. "நல்ல வெக்கேஷன் போல" என்கிறார்கள். எந்த எக்ஸ்கர்ஷன் நன்றாக இருந்தது என்று ஒருத்தி கேட்டாள், அவளுக்கு ஏப்ரலில் கல்யாணமாம். தீவுகளின் பெயரை வரிசையாகச் சொன்னேன். எங்கே நிழல் இருக்கும், எந்தப் பாறை வழுக்கும், எல்லாம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஹில்கிராஃப்ட்டில் மளிகை வாங்கப் போனேன். கடைக்காரர் அனந்தராமன் அங்கிள், "அப்பா அம்மா அமெரிக்கா வர்றாங்கன்னு சொன்னியே, வந்தாச்சா?" என்று கேட்டார். அம்மா வந்திருக்கிறார் என்றேன். "அப்பா?" என்றார். வண்டியில் வைத்த காய்கறியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

காரியம் பற்றிக் கேட்டாய். நான் மகன். நான் தலையை மழித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அவர் இறந்தவர் ஆவார். அதுவரைக்கும் அவர் செருப்புப் போட்டுக்கொண்டு பாதையில் நடந்துபோன மனிதர். என் கையால் அதை முடித்துவைக்க என்னால் முடியாது. நீ எழுதிய அந்த வரியை நீ அழிக்கவேண்டாம். ஆனால் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே.

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
20 ஜனவரி 2026

அண்ணா,

கிறிஸ்துமஸ் லீவில் உன்னைக் கூப்பிட்டேன். போன் ஹூஸ்டனில் அடிக்கிற மாதிரி அடிக்கவில்லை, வெளிநாட்டில் அடிக்கிற மாதிரி வேறு சத்தமாக அடித்தது. அப்போதே தெரிந்துவிட்டது, நீ எங்கே இருக்கிறாய் என்று. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நீ வரமாட்டாய் என்று தெரிந்தபிறகு நானே ஒரு முடிவு செய்தேன். முந்தாநாள் தை அமாவாசை. அம்மாவிடம் கடலுக்குப் போய் வரலாம் என்று மட்டும் சொன்னேன். எள்ளும் அரிசியும் பூவும் பையில் எடுத்துக்கொண்டேன். வாஞ்சி ஓட்டினார். லாங் பிராஞ்ச் கடற்கரையில் ஓரமெல்லாம் ஐஸ். எங்களைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை.

அம்மா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடியில் நான் வைத்த பையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, "இது வேற தண்ணி கண்ணு. அவங்க இங்க எங்க வந்தாங்க?" என்றார். நான், "அம்மா, எல்லாக் கடலும் ஒண்ணுதான்" என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு அவங்க செத்தாகணும், இல்ல?" என்று கேட்டார்.

கோபமே இல்லாமல் கேட்டார் அண்ணா. சாப்பிட்டியா என்று கேட்பது போல.

வாஞ்சி வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து அந்த அரிசியை மறுபடி டப்பாவில் கொட்டிவிட்டேன்.

அம்மாவுக்கு ஏப்ரல் முதல் வாரம்வரைதான் இங்கே இருக்க அனுமதி. நீட்டிக்கலாம் என்றேன், வேண்டாம் என்கிறார். ஊரில் தனியாக எப்படி இருப்பார்? இதையாவது நாம் பேசவேண்டாமா?

யாமினி


கோ சமூய்
29 ஜனவரி 2026

யாமி,

வேலை போய்விட்டது. போன வாரம் மெயில் வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, நீண்ட நாள் பொறுத்தார்கள். ஹூஸ்டன் அப்பார்ட்மென்ட்டைக் காலி பண்ணச் சொல்லி எழுதிவிட்டேன். சாமான்களை நண்பன் பத்ரி எடுத்து வைப்பான்.

இப்போது டிக்கெட் வாங்குவதில்லை. டிக்கெட் கொடுக்கிற பெண் என்னைப் பார்த்ததும் ஸ்டிக்கரை மட்டும் தருவாள். சும்மா உட்கார்ந்து வர எனக்கும் கூச்சமாக இருந்தது. அதனால் லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுப்பேன். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொடுப்பேன். நம் ஆட்கள் நிறைய வருகிறார்கள். சைவம் எது என்று தமிழில் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். கைடுக்கு என்னால் வேலை குறைகிறது.

போன ஞாயிறு திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம். அந்தத் தீவில் அவர்கள் வீட்டுப் பெரியவர் தனியாகக் காட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். "எங்கீங்க போறீங்க?" என்றேன். "சும்மா, என்ன இருக்குதுன்னு பாக்கலாம்னு" என்றார். ஒன்றும் இல்லைங்க, பாறைதான், திரும்பிடலாம் என்று கையைப் பிடித்தேன். விடச் சொன்னார். நான் விடவில்லை. கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன் போல. அவர் மருமகள் ஓடிவந்து சத்தம் போட்டாள். கைடு வந்து ஏதோ சொல்லிச் சமாளித்தான். திரும்பும்போது அவர்கள் பையன் மட்டும் என் அருகில் வந்து, "அண்ணா, நீங்க இங்கதான் வேலை செய்றீங்களா?" என்று கேட்டான். ஆமாங்க என்றேன்.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. நான் இப்போது அப்பா என்று கூப்பிட்டுத் தேடுவதில்லை. முதலில் தொண்டை கட்டியதால் விட்டேன். அப்புறம் சரியான பிறகும் கூப்பிடவில்லை. பாதையின் மேலே போய் உட்கார்ந்திருப்பேன். கீழே பச்சைத் தண்ணீர், சின்னச் சின்னத் தீவுகள், வெள்ளைப் படகு. போட்டோவில் வருகிற மாதிரியே இருக்கும். அவர் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் ஹாரன் அடித்தால் இறங்கிவிடுவேன், அடுத்த நாள் மறுபடி ஏறிவிடுவேன். ஒரு நாள் போகாமல் இருந்தால் அன்றைக்குத்தான் அவர் வந்து நிற்பார் என்று தோன்றுகிறது.

அம்மாவைப் பற்றி என்னிடம் கேட்காதே. நீ என்ன செய்தாலும் சரி.

ரஞ்சித்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
9 ஏப்ரல் 2026

அண்ணா,

பிப்ரவரியில் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. படித்தாயா என்றும் தெரியவில்லை.

என் அட்வான்ஸ் பரோல் பிப்ரவரி கடைசியில் வந்தது. சாதாரணக் கவரில், பல் டாக்டர் பில்லோடு சேர்ந்து கிடந்தது. இனி நான் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். அம்மாவைக் கொண்டுபோய் ஊரில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் அங்கே வந்து உன்னைக் கையோடு கூட்டிவருவது என்று முடிவு செய்தேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேறு எங்காவது போய்விடுவாய் என்று பயந்தேன். தாய்லாந்து டிக்கெட் கூட எடுத்துவிட்டேன்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி அம்மாவும் நானும் தாராபுரம் போனோம். துபாய் வழியாகத்தான் போனோம். ஆறு மாசம் பூட்டிக் கிடந்த வீடு. அம்மா உள்ளே போனதும் ஜன்னல்களைத் திறந்தார், மோட்டார் போட்டார், அப்பாவின் கட்டிலில் புதுப் படுக்கை விரித்தார். எல்லாம் அமைதியாகச் செய்தார். நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள், பெரியப்பா வீட்டார், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், ஒவ்வொருவராக வந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அம்மா பெரிய பொட்டு வைத்து, பூ வைத்து, சிரித்த முகமாக வாங்க வாங்க என்று கூப்பிடுகிறார். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். பெரியம்மா தயங்கித் தயங்கி, "மரகதம், கருப்பசாமி…" என்று ஆரம்பித்தது கேட்டது.

அம்மா சொன்னார். "அவங்க ரஞ்சித்துகூட இருக்கறாங்கக்கா. தாய்லாந்துல. அவன் அங்க தனியா கெடக்கறானில்ல, சமைச்சுப் போடக்கூட ஆளில்ல. நான்தான் கொஞ்ச நாளைக்குக் கூட இருந்துட்டு வாங்கன்னு உட்டுட்டு வந்தேன்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளர்களைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்று மாலை அம்மா என்னிடம் தனியாக, "ரஞ்சித்து அங்கயேதான இருப்பான்? வந்துகிந்து தொலைய மாட்டானே?" என்று கேட்டார். இருப்பான் அம்மா என்றேன். அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார். செப்டம்பருக்குப் பிறகு அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

தாய்லாந்து டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து துபாய் வழியாகவே நெவார்க் வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

யாமினி